கல்லூரிப் பெயரோடு வந்த புழு

அட்மிஷன் நேரம். சேர்மன் குப்புராஜால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இணையத்தில் அவர் கல்லூரிப் பெயரைத் தேடினால் முதல் வரியிலேயே ‘சாம்பாரில் புழு’ என்று வருகிறதாம். பேராசிரியர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் கோகிலவாணிக்கு மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

அவள் உள்ளே வந்ததும் கத்தினார்: “பத்து நிமிஷத்துல அது மறையணும். இல்லைன்னா உனக்கு வேலை இல்லை. அதை எழுதினவன் எவனா இருந்தாலும் இன்னிக்கே டிஸ்மிஸ்!”

“யாரா இருந்தாலுங்களா ஐயா?”

“நான் பெத்த மகனா இருந்தாலும்!”

“அப்படின்னா அந்தப் பக்கத்தைத் திறந்துடறேனுங்க.”

சுவர்த் திரையில் கல்லூரியின் சொந்தப் பக்கமே விரிந்தது. மேலே கைகூப்பிய சேர்மன் படம். கீழே, போன மாதம் அவரே பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் போடவைத்த மறுப்பு: ‘எங்கள் ஹாஸ்டல் சாம்பாரில் புழு இல்லை.’ ஒன்றல்ல, நாற்பது தடவை. தேடுபொறி அதைப் படித்துத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.



“தேடறவங்களுக்கு இது வராம இருக்க, பக்கத்தோட கோடிங்ல ஒரு வரி சேர்த்தாப் போதுங்க, இப்பவே சேர்த்துடறேன்,” என்றாள் கோகிலவாணி. “டிஸ்மிஸ் ஆர்டரை யார் பேருக்கு டைப் பண்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க ஐயா.”