ஆயில் கூலரும் ஓர் எலுமிச்சம்பழமும்

மில் முதலாளி நாச்சிமுத்துவின் காருக்கு வீட்டைவிட்டால் கிளப்பு, கிளப்பைவிட்டால் வீடு. டிரைவர் மயில்சாமியின் பெண்டாட்டி தெய்வானையோ வால்பாறை எஸ்டேட்டில் ஆயா. அவளைப் பார்க்க லீவு கேட்டால், "அப்ப கிளப்புக்கு நான் நடந்தா போறது?" என்பார் முதலாளி.

ஒருநாள் உறுமினார். "சம்பந்தி கார்ல ஆயில் கூலர் மாட்டிட்டாராம். எஞ்சின் எண்ணெய் கொதிக்காம அது ஆத்துமாம். நம்ம காருக்கு வேணுமா, வேண்டாமா? தப்பாச் சொன்னே, உன் சீட்டைக் கிழிச்சிருவேன்!"

"கிளப்புக்குப் போறதுல எண்ணெய் சூடே ஆகறதில்லைங்க. வால்பாறை மலையில ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப ஏத்திப் பாருடா!"

போனவன் மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினான்.

"எண்ணெய் கொதிக்கலைங்க. கூலர் வேண்டாம்."

முதலாளி பின்சீட்டில் ஏறினார். நகக்குறி பதிந்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. மலைப்பாதையில் தலைசுற்றாமலிருக்கப் பெண்கள் முகர்ந்துகொண்டே வருவார்களே, அது.

"யாருதுடா இது?"

"பாரத்தோட ஏத்தினாத்தானுங்க சோதனை. எங்க தெய்வானையை உட்கார வச்சுச் சுத்தினேன்."

முதலாளி பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயில்சாமி அந்தப் பழத்தைப் பதமாக வாங்கி முகர்ந்தான்.

"வேண்டாம்னு சொன்னது வெயில் காலத்துக்குங்க. மழைக்காலத்துக்கு எப்படின்னு மறுபடி ஏறிப் பார்க்கணும்."