இருவாச்சி தேடிப்போன புத்தாண்டுப் பச்சடி

மலைக்காட்டில் ஓங்கி வளர்ந்த ஒரு மரம். அதன் பொந்துக்குள் இருவாச்சிப் பறவை பொன்னலகி தன் குஞ்சோடு அடைந்து கிடந்தாள். பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைத்துவிட்டு, அலகை நீட்ட மட்டும் ஒரு கீற்று விட்டிருந்தாள். இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். குஞ்சு ஓரளவு வளரும்வரை தாய் வெளியே வரமாட்டாள். அப்பன்தான் இரண்டு வயிற்றுக்கும் இரை கொண்டுவர வேண்டும்.

அந்த அப்பனின் பெயர் நெடுஞ்சிறகன். நல்ல பாசக்காரன். ஆனால் பகல்கனவு காண்பதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை.

சித்திரை முதல் நாள் விடிந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மெத்தென்று படுத்திருந்தது. நெடுஞ்சிறகன் வழக்கம்போல அத்திமரத்துக்குப் போனான். கருங்குரங்கு சடையன் முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தான். இவன் வந்தால் தன் பங்கு குறையுமே என்று சடையனுக்கு வயிற்றெரிச்சல்.

"புத்தாண்டும் அதுவுமா வெறும் அத்திப்பழத்தையா கொண்டுபோற?" என்று கேட்டான்.

"வேற என்ன கொண்டுபோகணும்?"

"கீழே ஊர்ல மனுஷங்க மாங்காய்ப் பச்சடி சாப்பிடுறாங்கப்பா. மாங்காய், இனிப்பு, வேப்பம்பூ மூணும் சேரணும். வருஷத்தோட முதல் வாய் அதுவா இருந்தா, ஒரு குறையும் வராதாம். உன் குஞ்சுக்கு இது முதல் சித்திரை. அப்புறம் உன் இஷ்டம்."

"ரெண்டு பழம் கொடுத்துட்டுப் போயிட்டு வரட்டுமா?"

"அதுக்கு முன்னாடி எது உள்ளே போனாலும் பலிக்காது!" என்றான் சடையன்.

நெடுஞ்சிறகன் பழத்தைத் தொடாமலே பறந்தான்.

ஓடைக்கரையில் ஒரு மாவடு பறித்தான். தண்ணீரில் சரக்கொன்றைப் பூக்கள் மஞ்சளாக மிதந்து போயின. குஞ்சு பெரிதாகி அந்த ஓடைக்கு மேலே தன்னோடு பறப்பதுபோல் தோன்றியது. அப்படியே கண் சொருகி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து மலைமுகட்டுக்குப் போய்த் தேனடையில் ஒரு துண்டு கிள்ளினான். தேனீக்கள் கொட்டின. அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நோயும் பஞ்சமும் எட்டிப் பார்க்காத ஒரு வருஷம் அவன் கண்முன் விரிந்து கிடந்தது.

வேப்பமரமோ மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். பூவாசம் காற்றில் கனத்துக் கிடந்தது. அந்த வாசத்தில் கிறங்கி, இன்னும் கொஞ்சம் கனவு கண்டான். ஒருவழியாக ஒரு கொத்தை அலகில் கவ்விக்கொண்டு திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

அவன் சிறகுச் சத்தம் கேட்டாலே பொன்னலகி கீற்றுவழியே அலகை நீட்டிவிடுவாள். இன்று நீட்டவில்லை. நெடுஞ்சிறகன் கீற்றருகே தொற்றிக்கொண்டு கூப்பிட்டான்.

"பொன்னலகி, பச்சடி கொண்டுவந்திருக்கேன். வருஷம் முழுக்க நமக்குக் குறையே இருக்காது."

"காலையிலேர்ந்து பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுக் கிடக்கு. இப்போ கத்தக்கூடத் தெம்பில்லை" என்றாள் அவள். குரல் பாதாளத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

அவன் அவசரமாக வேப்பம்பூவை நீட்டினான். குஞ்சு துப்பியது. மாவடு தொண்டையில் இறங்கவில்லை. தேனை ஒரு சொட்டு நக்கிவிட்டுத் தலை சாய்ந்தது.

"பழம் இல்லையா?" என்று கேட்டாள் பொன்னலகி.

விழுந்தடித்துக்கொண்டு அத்திமரத்துக்குப் பறந்தான். மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. சடையன் வயிறு முட்டக் கிளையில் சாய்ந்திருந்தான்.

"பழமெல்லாம் எங்கே?"

"தீர்ந்துபோச்சு. உனக்குத்தான் பச்சடி கிடைச்சுடுச்சே" என்று ஏப்பம் விட்டான் சடையன்.

அவனோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. அடித்தூரில் அவன் கடித்துப் போட்ட பழங்கள் எறும்பு மொய்க்கக் கிடந்தன. உயரக் கிளையிலேயே காலம் தள்ளும் நெடுஞ்சிறகன் தரையில் இறங்கினான். சேற்றில் தத்தித் தத்தி, எறும்பை உதறி உதறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

முதல் பழம் குஞ்சின் வாய்க்குள் போனது. இரண்டாவதும் போனது. ஐந்தாவது பழத்துக்குக் குஞ்சு தானாக வாயைத் திறந்து 'கீக்' என்று கத்தியது. நெடுஞ்சிறகனுக்கு அழுகை வந்துவிட்டது.

"மண்ணுல விழுந்தது, குரங்கு கடிச்சது. இதுவா பிள்ளைக்குப் புத்தாண்டுச் சாப்பாடு?" என்றான்.

பொன்னலகி கடைசிப் பழத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எதுவா இருந்தாலும் சரி, விடியும்போதே கொண்டாங்க."

பசித்த வாய்க்கு நேரத்தில் போய்ச் சேரும் உணவைவிட அதிர்ஷ்டமான உணவு வேறில்லை.