அன்னம் வாய்மூடிய வேளை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, மனித உடம்புக்குள் இருந்த ஈரலும் குடலும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பனங்காட்டு ஊர் ஒன்றில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் உடம்புக்குள்ளும் அப்படித்தான், எந்நேரமும் சந்தைக்கடை இரைச்சல்.

அவளுடைய இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்றொரு தோப்பு இருந்தது. அந்தத் தோப்பின் நடுவே ஒரு சின்னத் திட்டில் அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தார்கள். அக்காள் பெயர் சிலம்பாயி, தங்கை அன்னம். பின்னாளில் வைத்தியம் படித்தவர்கள் அக்காளுக்குக் குளுக்ககான் என்றும் தங்கைக்கு இன்சுலின் என்றும் பெயர் வைத்தார்கள். நமக்கு எதற்கு அதெல்லாம், வீட்டுப் பெயரே போதும்.

உபசரிப்பதுதான் அன்னத்தின் வேலை. மாடத்தி சாப்பிட்டது செரித்துச் சர்க்கரையாகி ரத்த ஆற்றில் வந்து இறங்கும். உடனே அன்னம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சதைத் தெருவிலும் கொழுப்புத் தெருவிலும் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவாள். அவள் குரல் கேட்டால்தான் கதவு திறக்கும், சர்க்கரை உள்ளே போகும். அதோடு விட்டாளா என்றால் இல்லை. போதும் என்றால் இன்னும் ஒரு வாய் என்பாள். வயிறு முட்டுகிறது என்றால், எனக்காக ஒரு வாய் என்பாள். மிஞ்சியதை ஈரல் பெரியப்பாவின் களஞ்சியத்தில் கொட்டச் சொல்வாள். எந்த வீட்டிலாவது யாராவது பசியோடு படுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அவள் மனசு அப்படி.

சிலம்பாயிக்கு வேலை என்று எதுவும் இல்லை. அவளுக்கும் ஒரு குரல் இருந்தது, ஆனால் தங்கை போடுகிற சத்தத்தில் அது திட்டைத் தாண்டிப் போனதில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டதும் இல்லை. அறை வாசலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மாடத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியூருக்கு நாத்தனார் வளைகாப்புக்குப் போனாள். போன இடத்தில் விடுவார்களா? கருப்பட்டிப் பொங்கலை இலை கொள்ளாமல் வைத்துத் திணித்தார்கள். உண்டு முடித்தவள், பொழுதோடு வீடு சேர வேண்டுமென்று பனங்காட்டு வழியாக நடையைக் கட்டினாள். அரைநாள் நடை. முந்தானையில் ஒரு பிடி அவலைக்கூட முடிந்துகொள்ளவில்லை.

உள்ளே ஆறு கரை தொட்டு ஓடியது. அன்னத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு அவள் உபசரித்ததுபோல் என்றைக்கும் உபசரித்ததில்லை. தெருத்தெருவாக ஓடினாள், ஒரு வீட்டுக்கு மூன்று முறை போனாள். வெயில் ஏற ஏற ஆறு இறங்கிக்கொண்டே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சிலம்பாயிதான் பார்த்தாள். "போதும்டி அன்னம். ஆறு வத்திட்டு வருது" என்றாள்.

"உனக்கென்னக்கா, வேலை வெட்டி இல்லாம உக்காந்திருக்க. ஊட்டுத கையத் தடுக்காத" என்று சொல்லிவிட்டு அன்னம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

சிலம்பாயி வாசலைவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அந்தச் சொல் அவளுக்கு வலித்தது.

கொஞ்ச நேரத்தில் மாடத்திக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. சிணுங்கிய குழந்தையை வெடுக்கென்று ஏசினாள். பிறகு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. எதிரே நின்ற பனைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பாதை நெடுகக் கல்லும் ரம்பம்போல் பல் வைத்த கருக்குமட்டையும் கிடந்தன, இடுப்பிலிருந்த பிள்ளை மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் அன்னத்துக்கு உறைத்தது. நினைப்பது மேல்வீட்டு மூளை மாமாவின் வேலையாயிற்றே, அவருக்கு என்ன ஆயிற்று? அவள் அந்த வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனாள். போய்ப் பார்த்தால் கதவே இல்லாத வீடு. மாமா சுவரோடு சாய்ந்து கிடந்தார். முன்னால் இருந்த இலை காய்ந்து சுருண்டிருந்தது.

"நீதான் அன்னமா?" என்றார், குரல் எழும்பாமல். "எனக்குத் தட்டுததுக்குக் கதவு கிடையாதும்மா. அதான் நீ இந்தப் பக்கம் வந்ததில்ல. ஆத்துல வாரத அப்பப்ப அள்ளிக் குடிப்பேன். சேத்து வைக்க இடமும் கிடையாது. இப்ப ஆத்துல ஒண்ணும் வரலியே."

அன்னம் அப்படியே குறுகிப்போனாள். ஊருக்கெல்லாம் ஊட்டியவள், இந்த ஒருவர் சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை. கதவு இருந்த வீட்டை மட்டும்தான் அவள் வீடு என்று எண்ணியிருந்தாள்.

அழுதுகொண்டே சதைத் தெருவுக்கு ஓடி, கொடுத்ததில் ஒரு கை திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த வீடுகளில் உள்ளே போன சர்க்கரைக்கு வெளியே வர வழி கிடையாது, அமைப்பு அப்படி. அடுத்து ஈரல் பெரியப்பாவிடம் ஓடினாள். களஞ்சியம் நிரம்பி வழிந்தது. மூளை மாமா சாகக் கிடக்கிறார், திறந்துவிடுங்கள் பெரியப்பா என்று கத்தினாள்.

அவள் கத்தக் கத்தப் பெரியப்பாவின் கை ஆற்றில் மிச்சமிருந்ததையும் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. அவர் தன் கையைத் தானே பாவமாகப் பார்த்தார்.

"உங்குரல் கேட்டா எங்கைக்கு உள்ள போடத்தான் தெரியும் தாயி. பழகின பழக்கம். வெளிய எடுக்கச் சொல்லுத குரல் உங்க அக்காகிட்டல்லா இருக்கு. நீ பேசுத வரைக்கும் அது எங்காதுல விழாது."

அன்னம் திட்டுக்குத் திரும்பினாள். வெளியே மாடத்தியின் முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. அக்காளின் முன்னால் போய் நின்றவளுக்கு, மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை.

"அக்கா, நீ கூப்பிடு. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள். பிறகு அறை மூலையில் உட்கார்ந்து முந்தானையை உருட்டித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறந்தது முதல் அவள் பேசாமல் இருந்தது அப்போதுதான். எல்லாக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது அவளுக்குக் கேட்டது. எழுந்து ஓட வேண்டும்போல் கால் துடித்தது, இருந்தும் அவள் அசையவில்லை.

அந்த அமைதியில் சிலம்பாயி குரல் கொடுத்தாள். பழக்கமில்லாத குரல், முதலில் கொஞ்சம் பிசிறியது. ஆனாலும் திட்டைத் தாண்டி, ஆற்றோடு போய், ஈரலின் காதில் விழுந்தது. களஞ்சியம் திறந்தது. சேர்த்து வைத்ததெல்லாம் மெல்லக் கரைந்து ஆற்றில் இறங்கியது. மேல்வீட்டில் மாமா ஒரு கை அள்ளிக் குடித்தார், இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

நழுவிய பிள்ளையின் ஒற்றைக் கால் தரையைத் தொடப்போன நேரத்தில் மாடத்திக்குச் சட்டென்று நினைவு வந்தது. இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பனையடியில் உட்கார்ந்து, ஏசியதற்கும் சேர்த்து அதன் தலையை நெடுநேரம் தடவினாள். பிறகு மெதுவாக நடந்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் அவள் ஒரு சட்டி கஞ்சி குடித்தாள். ஆறு மறுபடி நிறைந்தது. அன்னம் மூலையைவிட்டு எழவில்லை, வாயிலிருந்து துணியையும் எடுக்கவில்லை. சிலம்பாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த முந்தானையைத் தானே உருவிவிட்டாள். தங்கையின் கன்னத்தைத் துடைத்தாள்.

"போய் ஊட்டிட்டு வா. வத்துனா நான் இருக்கேன்" என்றாள்.

அன்று முதல்தான் நாம் உண்டு எழுந்ததும் அன்னத்தின் குரல் உடம்பெங்கும் கேட்பதும், பசித்திருக்கும் வேளையில் அவள் குரல் தணிந்து அக்காள் குரல் எழுவதும், வெறும் வயிற்றோடு நடக்கிற தாயின் இடுப்பில் பிள்ளை நழுவாமல் இருப்பதும்.