கார்டு மெஷினும் சோம்புத் தட்டும்

திருச்சியில் நல்லசிவம் நடத்திய ஓட்டலில் முதலாளி அவர். ஆனால் குரு, சர்வர் தேவசகாயம். சிமெண்ட் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு ஓட்டல் திறந்தபோது, நல்லசிவத்துக்கு இரண்டு தட்டைச் சேர்ந்தாற்போல் தூக்கத் தெரியாது. தன்னைவிட நாலு வயது இளையவரான அந்த சர்வரிடம்தான் கற்றுக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த வாத்தியார் இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். நல்லசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"புது கார்டு மெஷின் வந்ததுல இருந்து டிப்ஸ் மூணு மடங்காச்சே வாத்தியாரே. இப்பப் போய் ஏன் போறீங்க?"

மெஷினை விற்க வந்தவன் சாமர்த்தியசாலி. பில் தொகை வந்ததும் திரையில் டிப்ஸுக்குப் பெரிதாக மூன்று கட்டம் தெரியும்: ஐந்து சதவீதம், பத்து, பதினைந்து. ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். 'வேண்டாம்' என்பது அடியில், எறும்பு மாதிரி. "பாதிப் பேரு நடுவுல இருக்கறதைத்தான் சார் அழுத்துவாங்க" என்றான். அப்படியே நடந்தது.

தேவசகாயம் துணியை எடுத்தார். ஜன்னலோர மேசையைத் துடைத்தார்.

"உக்காருங்க முதலாளி. சாப்பிடுங்க."

நல்லசிவம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழைய நாள்கள் வந்து மொய்த்தன. அப்போதெல்லாம் பில்லோடு ஒரு சோம்புத் தட்டு வரும். வைத்துவிட்டு வாத்தியார் திரும்பிப் பாராமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஆள் அதில் டிப்ஸ் வைத்துவிட்டுப் படியிறங்கிய பிறகுதான் தட்டை எடுப்பார். ஒருநாள் அதில் வெறும் சோம்பு மட்டும் கிடந்தது. முகம் சுளிக்கவில்லை மனிதர். நேரே அடுக்களைக்குப் போய்ச் சாம்பாரை ருசி பார்த்தார். புளி தூக்கல். இன்னொரு நாள், பஸ்ஸுக்கு ஓடிய ஒருவர் பாதி வழியில் திரும்பி வந்து, தட்டில் இரண்டு ரூபாய் வைத்துவிட்டு மறுபடி ஓடினார். அன்று முழுக்க வாத்தியாருக்குச் சிரித்த முகம். என்ன நாள்கள் அவை!

தோசை வந்தது. ஆறிப்போய் விறைத்திருந்தது. தேவசகாயம் சட்னியை ஊற்றிய வேகத்தில் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் இரண்டு சொட்டு தெறித்தது. நல்லசிவம் தண்ணீர் கேட்டார், வரவில்லை. காபி வந்தபோது ஆடை கட்டியிருந்தது.

இந்தக் கையா இப்படிப் பரிமாறுகிறது என்று நல்லசிவம் திகைத்துப்போனார்.

பில் வந்தது. சொந்தக் கடையில் சொந்தக் கார்டை எடுத்தார். தேவசகாயம் மெஷினை நீட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்றார். மெஷினை விட்டுவிட்டுப் போக முடியாது, வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

திரையில் மூன்று கட்டம். நல்லசிவம் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். குனிந்தார். அழுத்தினார்.

"எவ்வளவு?" என்றார் தேவசகாயம்.

"பத்து."

"தோசை நல்லா இருந்துச்சா?"

"இல்லை."

"காபி?"

"வாயில வைக்க முடியலை."

"தண்ணியாவது வந்துச்சா?"

"வரலை."

"அப்புறம் எதுக்குக் குடுத்தீங்க?"

நல்லசிவம் சட்டைக் கறையைத் தேய்த்தார். "நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்களே வாத்தியாரே. மூஞ்சிக்கு நேரா எப்படி வேண்டாம்னு அழுத்துறது?"

தேவசகாயம் மெஷினை வாங்கிக்கொண்டார்.

"அப்ப இது நான் நின்னதுக்கு. பரிமாறினது எப்படி இருந்துச்சுன்னு இனிமே நான் யாருகிட்டப் போய்த் தெரிஞ்சுக்குவேன், முதலாளி?"