ஓரிலைத் தாமரை தலை குனிந்த கதை

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில், மூங்கில் புதருக்குக் கீழே, ஓரிலைத் தாமரை என்றொரு செடி இருந்தது. பெயரில்தான் தாமரை. குளத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மண்ணுக்குள் நெல்லிக்காய் அளவு கிழங்கு, மேலே வட்டமாக ஒரே ஓர் இலை, பக்கத்திலேயே ஒரு தண்டு, அதன் உச்சியில் இளம்பச்சையாக ஒரு பூ. இலை அக்கா, பூ தங்கை. அப்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகவே முளைக்கும், ஒன்றாகவே வாடும். பூ வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்.

இந்தச் செடியின் விதையைப்போல ஒரு பாவப்பட்ட விதை கிடையாது. ஊதினால் பறந்துவிடும் தூசு. அவரைக்கும் ஆமணக்குக்கும் தாய்ச்செடி கட்டுச்சோறு கட்டித்தான் அனுப்புகிறது. இதற்கு ஒரு பருக்கைகூடக் கிடையாது. விழுந்த இடத்தில் யாராவது ஊட்டினால்தான் உயிர். அப்படி ஊட்டி வளர்த்தவள் நூலாத்தா. மழைக்காலத்தில் மக்கின சருகைப் புரட்டினால் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடுமே, அவள்தான். அழுகியதைத் தின்பவள், எப்போதும் ஈர வாடை அடிப்பவள். சருகிலும் செத்த கட்டையிலும் இருக்கும் சத்தைத் திரட்டிக் கிழங்குக்குள் கொண்டுபோய், பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் தான் சாப்பிடுவாள்.

பூவுக்கோ வேறு ஓர் ஆசை. சரிவுக்குக் கீழே மாராயி என்ற பெண்ணின் தோட்டம் இருந்தது. அங்கிருந்து வரும் வண்டுகள் அதைப் பற்றியே அளந்துவிடும். செவ்வந்திக்கு அங்கே தனிப் பாத்தியாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்களாம். மூங்கிலுக்கடியில் பூத்த பூவை யார் பார்க்கிறார்கள்? மாராயி ஒருநாள் காலையில் சுள்ளி பொறுக்க வந்தபோது பூ அவளைக் கூப்பிட்டேவிட்டது.

“என்னையும் உன் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயேன்.”

“காட்டுல கெடந்த புள்ள, அங்க வந்து தாக்குப் புடிப்பியா?”

“வெயில் தாங்குவேன், மழை தாங்குவேன். கூட்டிக்கிட்டுப் போ.”

மாராயி சிரித்துக்கொண்டே மண்ணோடு பெயர்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மண்ணோடு நூலாத்தாவும் வந்தாள். பிள்ளைகள் போகும் இடத்துக்குப் போகாமல் அவள் எங்கே போவாள்?

மாராயிக்கு ஒரு வழக்கம். புதிதாக வரும் எந்தச் செடியையும் படலுக்கு வெளியிலேயே நிறுத்தி, “ஒத்தையா வந்தியா, ஆளோட வந்தியா?” என்று கேட்பாள். ஒற்றையாக வந்த செடியின் வேரை மஞ்சள் தண்ணீரில் அலசி நடுவாள். அன்றும் கேட்டாள்.

பூ பதில் சொல்வதற்குள் செவ்வந்தி எட்டிப் பார்த்தது. “அய்யய்ய, அது என்ன வேருல வெள்ளையா? பூசணமா?”

கனகாம்பரம் மூக்கைச் சுளித்தது. பாத்தி முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. பூவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதுவரை அந்த வாடை தன்மேல் அடித்ததே அதற்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டது.

“அது யாருன்னே எனக்குத் தெரியாது. வழியில ஒட்டிக்கிட்ட பூசணம். கழுவி விட்டுரு.”

அக்கா இலை ஏதோ சொல்ல வாயெடுத்தது. செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தது. பேசாமல் இருந்துவிட்டது.

மாராயி குனிந்து வேரைப் பார்த்தாள். “நீ யாரு? இந்தப் புள்ளைக்கு நீ என்ன வேணும்?”

நூலாத்தா கிழங்கைச் சுற்றியிருந்த தன் இழைகளைத் தளர்த்திக்கொண்டாள். பிறகு, “ஒறவு ஒண்ணும் இல்ல தாயி. நான் வழிப்போக்கி. புள்ள சொல்றது சரிதான்” என்றாள்.

மாராயி மஞ்சள் தண்ணீரில் கிழங்கைத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். மண்ணும் நூலுமாகக் கரைந்த அந்தத் தண்ணீரை வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினாள். பூ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

செவ்வந்திக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. நாலு நாள் ராஜபோகம். வந்தவர்கள் எல்லாம் “இது என்ன பூ, புதுசா இருக்கே?” என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் பசிக்க ஆரம்பித்தது.

மாராயி சாண எரு வைத்தாள். இறங்கவில்லை. மீன் கழுவின தண்ணீர் ஊற்றினாள். குமட்டியது. புளித்த மோரைக் கரைத்து ஊற்றியும் பார்த்தாள். இலையின் ஓரம் கருகியது, கிழங்கு சுருங்கியது. செவ்வந்தி வளைத்து வளைத்துச் சாப்பிட்டதைப் பூ பார்த்துக்கொண்டே இருந்தது. ஊட்டாமல் சாப்பிட அதற்குத் தெரியாது. அந்த வயதிலும் தெரியாது.

வேலியோரத்து வெற்றிலைக்கொடிதான் ஒருநாள் பேச்சுக் கொடுத்தது. “ஏம்புள்ள, நீ ஒத்தையாவா வந்தே? நான் என் அகத்தியோடதான் வந்தேன். மொரட்டு மரம், மேலெல்லாம் வெடிப்பு, அதையும் பார்த்துச் சிரிச்சாளுங்க. ‘இது என் ஆளு, இது இல்லாம நான் நிக்கமாட்டேன்’னேன். மாராயி மறுபேச்சுப் பேசல. அதுக்கும் ஒரு குழி வெட்டுனா. அவ கேக்கறதே அதுக்குத்தானே!”

பூவுக்கு உயிரே போவதுபோல் ஆயிற்று. ஒரு சொல். ‘என் ஆத்தா’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யாரும் விரட்டியிருக்கப் போவதில்லை. நாலு பூ சிரித்ததற்காக, ஊட்டி வளர்த்தவளைப் பூசணம் என்று சொல்லியாயிற்று. பசியைவிட அதுதான் கிழங்குக்குள் கிடந்து அரித்தது.

மறுநாள் மாராயி வந்து தரையில் குந்தினாள். “என்னதான் வேணும் உனக்கு? வாயைத் தொறந்து சொல்லு. சாகப் போறே புள்ள.”

பாத்தியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவங்க ஊட்டுனாத்தான் எனக்கு எறங்கும்.”

“எவங்க?”

“நீ வேலிக்கு அப்பால கொட்டுனியே.”

“அந்தப் பூசணமா?”

“எங்க ஆத்தா” என்றது பூ.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பூவுக்கு. மாராயி அதன் முகத்தையே பார்த்தாள். “நான் கேட்டேனே புள்ள” என்றாள். திட்டியிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வேலிக்கு அப்பால் ஓடினாள்.

கொட்டின இடம் காய்ந்து பாளமாகக் கிடந்தது. எங்கெங்கோ கிளறினாள். கடைசியில் ஓர் உளுத்த கட்டைக்கு அடியில், கை அளவு ஈரத்தில், நாலைந்து வெள்ளை இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மண்ணைக் கையால்கூடத் தட்டாமல் அப்படியே அள்ளிவந்து கிழங்கின் பக்கத்தில் வைத்தாள்.

நூலாத்தா மெல்ல ஊர்ந்து கிழங்கைத் தொட்டாள். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கட்டும், நாலு வார்த்தை ஏசட்டும் என்று பூ காத்திருந்தது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள் நூலாத்தா.

பூவின் கழுத்து அப்போது மடிந்ததுதான். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிற்று. தங்கையைப் பார்த்தால் அக்காளுக்குத் தான் வாய் மூடி நின்றது ஞாபகம் வரும். அக்காளைப் பார்த்தால் தங்கைக்குத் தான் வாய் திறந்தது ஞாபகம் வரும். அடுத்த மழைக்கு முளைக்கும் நேரத்தில் கிழங்குக்குள்ளேயே இலை சொன்னது: “நீ முன்னால போ. நீ போய்ட்டு வந்தப்புறம் நான் வரேன்.”

“எதுக்குக்கா?” என்று பூ கேட்கவில்லை.

அன்று முதல்தான் ஓரிலைத் தாமரையைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் வேரை அலசாமல் அது நின்ற காட்டு மண்ணோடு கொண்டுவருகிறார்கள். அன்று முதல்தான் முதல் மழைக்கு இலையில்லாத மொட்டைத் தண்டில் பூ தனியாக வந்து, மண்ணைப் பார்த்துத் தலை குனிந்து நின்று வாடிப்போகிறது. அது போய்விட்டது என்று தெரிந்த பிறகே, அக்கா இலை வெளியே வந்து, நூலாத்தாவின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறது.