ஹெல்மெட்டோடு ஓடியவர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

இப்படியும் உண்டா என்று கேட்டால், உண்டு. குரு ஜெசிந்தா, தூத்துக்குடிக் கடலில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். சீடர் ஆறுமுகநயினார், எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஊர் முழுக்க அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் அந்தப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிடுவார். தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

அண்ணாச்சிக்கு டிரையத்லான் பித்துப் பிடித்திருந்தது. கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கியதும் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாவற்றையும் நாலரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற வழக்கமெல்லாம் அதில் கிடையாது.

போன வருஷம் இருநூறு மீட்டர் போவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உடம்பைக் கவ்விய போட்டி உடுப்பும், அதற்குள் அடங்காத தொந்தியுமாக அவர் மணலில் தவழ்ந்து வந்ததை யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். ‘தூத்துக்குடியில் திமிங்கலம் கரை ஒதுங்கியது’ என்று அந்தப் படம் ஊரிலுள்ள வாட்ஸப் குழு ஒன்று விடாமல் சுற்றியது. குழம்புச் சட்டி வாங்க வந்தவர்கள்கூடச் சட்டியை விட்டுவிட்டு அவர் வயிற்றைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கல்லாவை மச்சினரிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று மாதம் குடோனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

நாலாவது மாதம் ஜெசிந்தா குடோனுக்கே வந்தார். அன்றைக்குப் படகில் இருந்தவர் அவர்தான்.

“படகை நல்லாப் பிடிச்சீங்க அண்ணாச்சி. கையில பலம் இருக்கு. நாளைக்குக் காலையில கடலுக்கு வாங்க.”

அப்படித்தான் டீச்சர் கிடைத்தார். எட்டு மாதம் உப்புத் தண்ணீர் குடித்து அண்ணாச்சி நீந்தப் பழகினார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வீட்டு விசேஷத்துக்கு ஒரு அண்டா வாங்க டீச்சர் கடைக்கு வந்தார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

“டீச்சர், நீச்சல் வந்துட்டு. மூச்சும் வந்துட்டு. இந்தக் கூச்சம் மட்டும் போக மாட்டேங்கு. நாலு பேரு சிரிப்பாங்களேன்னு நெனச்சா கையும் ஓட மாட்டேங்கு, காலும் ஓட மாட்டேங்கு. அதுக்கு என்ன செய்ய?”

டீச்சர் வரிசையாக இருந்த அண்டாக்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா அவ்வளவுதான். சைக்கிளை யாருக்காவது தூக்கிக் குடுத்துருவேன். கடல் இருக்கிற பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்.”

டீச்சர் ஒரு பெரிய அண்டாவை இழுத்து அதில் முகம் பார்த்தார். மூக்கும் கன்னமும் பூசணிக்காயாகப் பரந்து தெரிந்தன.

“ஐயோ, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?”

“அது அண்டாவோட வளைவு டீச்சர். நீங்க எப்பவும் போலத்தான் இருக்கீங்க.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“வளைவு அண்டாவுல இருக்குன்னேன். உங்ககிட்ட இல்ல.”

“நல்லது. இதையே குடுங்க.”

டீச்சர் அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டதுக்குப் பதிலே சொல்லாமப் போறாங்களே” என்று மச்சினரிடம் புலம்பினார். “மூடியையும் மறந்துட்டுப் போயிட்டாங்க.”

போட்டி நாள் வந்தது. காலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி உடுப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். அவர் மனைவி சண்முகவடிவு மேலும் கீழும் பார்த்தார்.

“இதோட தெருவழியாப் போயிராதீங்க. மேல ஒரு வேட்டியச் சுத்திக்கிட்டுப் போங்க.”

வேட்டியைச் சுற்றிக்கொண்டே போனார். கடற்கரையில் அதை அவிழ்ப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கையில் மையால் எண் எழுதினார்கள். சுற்றி நின்றவர்களெல்லாம் முருங்கைக்காய் உடம்புக்காரர்கள். அண்ணாச்சி இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு டீச்சரைத் தேடிப் போனார்.

“டீச்சர், ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஆரஞ்சு மிதவை தெரியுதா?”

“தெரியுது.”

“அதைப் பாத்து நீந்துங்க. வேற எதையும் பாக்காதீங்க.”

ஆறரை மணிக்கு விசில் ஊதினார்கள். நூறு பேரும் கடலில் பாய்ந்தார்கள். அண்ணாச்சி கடைசியாக இறங்கினார்.

இருநூறு மீட்டர் வந்ததும் நெஞ்சு படபடத்தது. போன வருஷம் மூச்சு அவரைக் கைவிட்ட இடம் இதுதான். பாதுகாப்புப் படகு பக்கத்தில் வந்தது. படகுக்காரர் “என்ன அண்ணாச்சி, ஏறுதீங்களா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்தார். திமிங்கலம் என்றால் நீந்தத்தானே செய்யும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் தண்ணீருக்குள்ளேயே சிரிப்பு வந்து, ஒரு மடக்குக் கடலைக் குடித்துவிட்டு மேற்கொண்டு நீந்தினார். கரையேறும்போது ஐம்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். இரண்டு காதும் தண்ணீர் ஏறி அடைத்துக்கொண்டன. உலகமே அமைதியாகிவிட்டது.

சைக்கிள் பாதை உப்பளங்களுக்கு நடுவே போனது. போகும்போது எதிர்க்காற்று ஆளைப் பிடித்து நிறுத்தியது. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் ஓடின. இரண்டு முருங்கைக்காய்களை அவர் முந்தினார். பத்து வயதில் வாடகை சைக்கிள் ஓட்டியதற்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் ஓட்டியதில்லை.

சைக்கிளை நிறுத்துமிடத்தில்தான் அது நடந்தது. சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகே ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்பது விதி. முன்னால் கழற்றினால் தண்டனை உண்டு. அண்ணாச்சிக்கு இந்த விதி மனப்பாடம். முன்னால் கழற்றிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர், பின்னால் கழற்ற மறந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

அவருடைய நினைப்பெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. மிச்சம் ஒன்றரை மணி நேரம். பத்து கிலோமீட்டரை அதற்குக் குறைந்து அவர் ஓடியதே இல்லை, காலையில் எழுந்ததும் களைக்காத காலோடுகூட. ஓடுகிற ஷூவை மாட்டினார். மஞ்சள் ஹெல்மெட்டோடு ஓட ஆரம்பித்தார்.

கடற்கரைச் சாலையில் ஜனம் கூடியிருந்தது. மீன் வாங்க வந்தவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், தேவாலயத்திலிருந்து திரும்புகிறவர்கள். அண்ணாச்சியைக் கண்டதும் அத்தனை முகமும் மலர்ந்தது. வாயெல்லாம் திறந்து மூடியது. அடைத்த காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு மீன்காரம்மா அவரைக் கைகாட்டித் தன் தலையைத் தட்டினாள். பக்கத்தில் நின்றவர்களும் தலையைத் தட்டினார்கள்.

இது ஓட்டக்காரர்களுக்கு வைக்கிற வணக்கம் போலிருக்கிறது என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? தானும் தலையைத் தட்டி வணக்கம் வைத்தார். கூட்டம் கை தட்டித் துள்ளிக் குதித்தது. அண்ணாச்சிக்குக் கால் தானாக வேகம் எடுத்தது.

சாலை திரும்பும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். ஹெல்மெட் போடாதவர்களைக் கைகாட்டி நிறுத்தியே பழகியவர். போட்டுக்கொண்டு வண்டியில்லாமல் ஓடுகிறவரை என்ன செய்வதென்று தெரியாமல், அவரும் தலையைத் தொட்டுக் காட்டினார். அண்ணாச்சி ஓட்டத்தை நிறுத்தாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். போலீஸ்காரரும் பதிலுக்கு அடித்துவிட்டார்.

ஐந்தாவது கிலோமீட்டரில் டீச்சர் தண்ணீர்க் குவளையோடு நின்றார். தூரத்தில் மஞ்சளாக ஏதோ துள்ளி வருவதைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“டீச்சர்! ஊரே கை தட்டுது டீச்சர்! பாத்தீங்களா?” என்று அண்ணாச்சி கத்திக்கொண்டே வந்தார். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியிருந்தார். வயிற்றை மறைக்க ஒரு கையும் மிச்சமில்லை.

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த போட்டி அதிகாரி, அண்ணாச்சியை நிறுத்திச் சொல்லலாம் என்று விசிலை வாயில் வைத்தார். டீச்சர் ஒரு வாழைப்பழத்தை உரித்து அதிகாரியின் கையில் கொடுத்தார்.

“சாப்பிடுங்க சார். ரொம்ப நேரமா நிக்கீங்க.”

பிறகு அண்ணாச்சியின் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னார்.

“பாத்தேன் அண்ணாச்சி. நிக்காதீங்க. ஓடுங்க.”

எட்டாவது கிலோமீட்டரில் தொடை இழுத்துப் பிடித்தது. ஒன்பதாவதில் மூச்சு சீறியது. அண்ணாச்சிக்கு நிற்க மனமில்லை. இத்தனை பேர் வணக்கம் வைக்கும்போது எந்த முகத்தோடு நிற்பது? தலையைத் தட்டினார், கையை ஆட்டினார், ஓடினார். முடிவுக்கோட்டில் கால் வைத்தபோது நாலு மணி இருபத்தொன்பது நிமிஷம் இருபது வினாடி. அவர் முந்திய இரண்டு முருங்கைக்காய்களும் எப்போதோ அவரைத் தாண்டிப் போயிருந்தன. அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. கடைசி ஆள். ஆனால் முடித்த ஆள். அண்ணாச்சி மணலில் மண்டியிட்டு, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

பதக்கம் போட ஒருவர் வந்தார். ரிப்பனைத் தலைவழியாக இறக்கப் போனார். இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தார். மாட்டிக்கொண்டது. என்னவென்று தொட்டுப் பார்க்க அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

கை ஹெல்மெட்டில் பட்டது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. மீன்காரம்மா, நடைப்பயிற்சிக்காரர்கள், போலீஸ்காரர், ஒவ்வொரு முகமாகத் திரும்பி வந்தது. பதக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆளில்லாத பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தார். டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினார். சூடாகக் கடல் தண்ணீர் வழிந்தது. சத்தமெல்லாம் திரும்பி வந்தது.

“உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

“அஞ்சாவது கிலோமீட்டர்லயே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“எத்தனை வினாடி மிச்சம் இருந்துச்சு?”

“நாப்பது.”

“கழட்டுறதுக்குப் பத்து வினாடி போதும். வெக்கப்படுறதுக்கு? போன தடவை உங்களுக்கு மூணு மாசம் ஆச்சு.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளினார். ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்தார்.

“அப்ப அத்தனை பேரும் சிரிச்சிருக்காங்க.”

டீச்சர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

“இல்ல, கை தட்டினதையும் பாத்தேன். கண்ணால பாத்தேன்.”

அண்ணாச்சி ஒரு மடக்குக் குடித்தார்.

“மறைக்காம உண்மையச் சொல்லுங்க டீச்சர். அடுத்த வருஷம் நான் வாறதும் வராததும் இதுலதான் இருக்கு. அவங்க கை தட்டினாங்களா, சிரிச்சாங்களா?”

டீச்சர் ஹெல்மெட்டை எடுத்தார். ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு அவர் மடியில் வைத்தார்.

“பத்து கிலோமீட்டர் அவங்க நடுவுல ஓடி வந்தது நீங்க. உங்களுக்கே வித்தியாசம் தெரியல. ஓரமா நின்ன எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”