பதினோராவது இலை

முன்னொரு காலத்தில் பொழிலூர் நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருக்கு இருபது வருஷமாகச் சமைத்துப் போட்டவள் பூங்காவனம். சாப்பாட்டு வேளையில் ராஜா அவளிடம் நாட்டு விஷயமெல்லாம் பேசுவார், அவள் சொன்ன யோசனைப்படி நடக்கவும் செய்வார். அரண்மனை மணியக்காரர் அம்பலவாணருக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல். கரண்டி பிடிக்கிறவள் பேச்சு தம் பேச்சுக்கு மேலே போவதா என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் அவள் சமைத்த சோறுதான்.

அந்த வருஷம் மலைத்தலைவர்களோடு சமாதானம் செய்துகொள்ள விருந்து ஏற்பாடாயிற்று. மலையில் பத்து ஊர், பத்துத் தலைவர்கள். எத்தனை பேர் வருவோம் என்று முன்கூட்டிச் சொல்லும் பழக்கமே அவர்களுக்குக் கிடையாது. பந்தியில் வைக்கிற பலகாரத்தைப் பிய்க்காமல் எல்லாருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும், தட்டில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் யாரையோ ஒதுக்கிவிட்டதாக அர்த்தம். போன வருஷம் ஏழு பேர் வந்தார்கள், தட்டில் ஐம்பது அதிரசம் இருந்தது. ஆளுக்கு ஏழு போக ஒன்று மிஞ்சியது. ஏழு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அம்பலவாணர் இதுதான் சமயம் என்று சபையில் வாயைத் திறந்தார். மகாராஜா இவ்வளவு மெச்சுகிற பூங்காவனம், ஒருவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் மிச்சமில்லாமல் பங்காகிறபடி ஒரே தட்டில் பலகாரம் வைக்கட்டும் என்றார். தட்டு சபைக்கு வந்த பிறகு ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜாவுக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று.

"செய்துவிட்டால் கேட்டதைத் தருகிறேன். ஒன்று மிஞ்சினாலும் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். இருபது வருஷம் சோறு போட்டவளிடமா இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பூங்காவனம் அடுக்களைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தரையில் பத்துப் புளியங்கொட்டைகளை வைத்தாள். பத்து என்பது ஒருவருக்கும் இரண்டு பேருக்கும் ஐந்து பேருக்கும் பத்துப் பேருக்கும் சரியாகப் பங்காகும். மூன்று பேர் வந்தால் ஒன்று மிஞ்சும். ஆகவே அதை மூன்று மடங்காக்கி முப்பது வைத்தாள். மூன்று பேருக்குச் சரியாயிற்று, கூடவே ஆறு பேருக்கும் சும்மா கிடைத்தது. நாலு பேருக்கு இரண்டு மிஞ்சியது. இரண்டு மடங்காக்கி அறுபது. எட்டுப் பேருக்கு நாலு மிஞ்சியது. மறுபடி இரண்டு மடங்கு, நூற்றிருபது. ஒன்பது பேருக்காக அதை மூன்று மடங்காக்கினாள், முந்நூற்று அறுபது. ஏழு மட்டும் எதற்கும் மசியவில்லை, அதனால் முந்நூற்று அறுபதை ஏழு மடங்காக்கினாள். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. ஒரு எண்ணின் மடங்காகிவிட்டதை மேலே எத்தனை மடங்கு பெருக்கினாலும், அந்த எண் கைவிட்டுப் போகாது. அது புரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

அத்தனை அதிரசத்துக்குத் தட்டு எங்கே போவது? வெல்லச்சீடை செய்தாள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக. எண்ணெயில் ஒன்று வெடித்தாலும் கணக்கு போயிற்று என்று மாவை மூன்று தரம் சலித்து உருட்டினாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

விருந்தன்று பத்துத் தலைவர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு என்று சந்தோஷமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பந்தியைப் பார்த்து நின்றுவிட்டாள். பதினோரு இலை. பதினோராவது இலையில் அம்பலவாணரின் மைத்துனன் சோணாசலம், தலையில் பெரிய தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். ஊருக்கு வெளியே இருக்கிற பாறைமேட்டுக்கு அவன் தலைவனாம். இலைக்கு முன் உட்கார்ந்தவனை எழுப்புவது எந்த ஊரிலும் மரியாதை இல்லையே.

"ஆளுக்கு இருநூற்று இருபத்தொன்பது போக ஒன்று மிஞ்சும், மகாராஜா" என்றார் அம்பலவாணர். அவ்வளவு பெரிய கணக்கை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

மூத்த தலைவர் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். பூங்காவனம் தட்டையும் பதினோரு இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வயதில் எந்த ஊரில் போய் நிற்பது? பதினொன்றை அவள் தட்டுக்குள் கொண்டுவர வழியில்லை. பன்னிரண்டாயிருந்தால் வந்திருக்கும், அறுபது பன்னிரண்டின் ஐந்து மடங்கு, அறுபதின் மடங்கெல்லாம் பன்னிரண்டின் மடங்கும்தான். அவள் நிமிர்ந்து சிம்மாசனத்தைப் பார்த்தாள்.

"மகாராஜா, நீங்க இன்னும் சாப்பிடலையே" என்றாள். "இறங்கி வந்து இவங்களோட உட்காருங்க. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இருநூற்றுப் பத்து. ஒண்ணும் மிஞ்சாது."

ராஜா மலைக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்காருவதா என்று அம்பலவாணர் பதறினார். மூத்த தலைவர் துண்டைக் கீழே வைத்தார்.

"மூணு தலைமுறையா நாங்க திங்கிறதை ராஜாமாருங்க மேலேருந்துதான் பார்த்தாங்க. இவர் வந்து உட்காரட்டும், இனிமே சண்டைங்கிற பேச்சே கிடையாது" என்றார்.

ராஜா இறங்கி வந்து, மூத்த தலைவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உடனே அம்பலவாணரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மகாராஜா உட்கார்ந்த பந்தியில் நானும் உட்காருவதுதான் முறை என்று ஓடிவந்தார்.

"ஐயா உட்கார்ந்தா பதிமூணு பேர், பதினொண்ணு மிஞ்சும்" என்றாள் பூங்காவனம்.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியானால் நீர் பரிமாறும். எண்ணிப் பரிமாறும்."

அம்பலவாணர் குனிந்தார். இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து என்று பன்னிரண்டு இலைக்கும் எண்ணி வைத்து வியர்த்துக் கொட்டி நிமிர்ந்தபோது, தட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது.

"மச்சான், எனக்கு ஒண்ணு குறையுது" என்றான் சோணாசலம், தன் இலையை எண்ணிப் பார்த்துவிட்டு.

அதையும் போட்டதும் தட்டு காலி. மலைத்தலைவர்கள் சிரித்த சிரிப்பு மதில் தாண்டிக் கேட்டது. சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பேரும் ராஜாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார்கள்.

ராஜா பூங்காவனத்தின் முன்னால் வந்து நின்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது. "உன்னைப் போகச் சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்வது. என்ன வேண்டும், கேள்" என்றார்.

"விருந்துக்கூடத்துச் சாவி போதும், மகாராஜா. யார் யாருக்கு இலை போடறதுன்னு இனிமே நானே பார்த்துக்கறேன்."

ராஜா அம்பலவாணரின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைத் தம் கையாலேயே அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, இதுவரை சாப்பிடாமல் நின்றிருந்த மணியக்காரருக்கு முதல் இலையைப் போட்டாள்.